நெய்யாற்றின் கரையில் நலம் தேடுவோர்



கன்னியாகுமரியில் புறப்பட்டு வடக்கு நோக்கிச் செல்லும் ரயில் வண்டி நாகர்கோவிலையும் இரணியலையும் குழித்துறையையும் கடந்து சற்று நேரத்தில் பாறசாலை நிலையத்தை அடைகிறது. அதற்கு அடுத்து வரும் பெரிய ஊர் நெய்யாற்றின்கரை. 1979ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்தப் பாதை வழியாகத்தான் பெங்களூருக்கும் புனேக்கும் அஸ்ஸாம் மாநிலத்துத் திப்ருகருக்கும் வண்டிகள் செல்கின்றன. பிழைப்பின் பொருட்டுத் தாயகத்தை விட்டுத் தொலைதூரம் சென்று வாழும் நம்மவரில் பலர், விடுமுறைக்கு வரும்போதும் திரும்பும்போதும் இந்த இரண்டு நிலையங்களையும் சாளரத்தின் வழியே பார்த்திருப்பார்கள். குழித்துறையில் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கும். பாறசாலையில் மலையாளம் இருக்கும். ஆனால் சாளரத்துக்கு வெளியே தெரியும் தென்னையும் வாழையும் மரச்சீனித் தோட்டமும் செம்மண் சரிவும் மாறுவதில்லை.

அதே வண்டிகளில் இப்பக்கத்தில் உற்றார் உறவினர் எவரும் இல்லாத பிரயாணிகளும் வருகிறார்கள். சிலர் வெளிநாட்டார், சிலர் டில்லியிலும் மும்பையிலும் அலுவல் பார்ப்பவர், சிலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முழங்கால் வலியோடு வரும் முதியவர். இவர்கள் வணிகத்துக்காக வரவில்லை. பார்த்துவிட்டுப் போவதற்காக மட்டும் வரவுமில்லை. உடம்பும் மனமும் சற்றே தேறவேண்டும் என்று வருகிறார்கள். நலவாழ்வுச் சுற்றுலா என்று இதற்கு இந்நாளில் பெயர் சொல்லுகிறோம். எத்தனையோ ஊர்கள் இருக்க, இவர்கள் இந்த எல்லைப்புறத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் யாது? அவர்கள் நாடி வருவது உண்மையில் எதனை? இவற்றைப் பற்றியே இன்று சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

முதலில் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதி 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இரண்டாகப் பிரிந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அவற்றை அடுத்திருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. தமிழகத்தின் கடைசிச் சந்தையான களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தின் முதல் ஊரான இஞ்சிவிளை, அப்பால் பாறசாலை, அதற்கும் அப்பால் அமரவிளை. ஊர்ப்பெயர்களின் இறுதியில் நிற்கும் ‘விளை’ என்ற சொல் எல்லைக்கு இரு பக்கத்திலும் ஒன்றாகவே வருகிறது. கொள்வினையும் கொடுப்பினையும் இரு பக்கத்துக்கும் உண்டு. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் பேசப்படும். நாமெல்லாம் ஊரை விட்டுப் புறப்பட்டு வேற்று மாநிலத்தார் ஆனோம். இவர்களுள் பலர் ஊரை விட்டு ஓர் அடியும் நகராமலே வேற்று மாநிலத்தார் ஆனவர்கள்.

இனி, பிரயாணத்துக்கான காரணங்களைப் பற்றி அறிஞர் சொல்வதைக் காண்போம். நோயற்றிருப்பது மட்டுமே நலம் ஆகாது. உடலும் உள்ளமும் சூழலும் இசைந்து மேம்பட்டு நிற்பதே நலம் என்ற கருத்தை அமெரிக்க மருத்துவர் ஹால்பர்ட் டன் 1950களின் இறுதியில் விளக்கி எழுதினார். 1961இல் அவருடைய சொற்பொழிவுகள் நூலாக வெளிவந்தன. இன்று உலகெங்கும் வழங்கும் ‘வெல்னஸ்’ என்ற சொல் பரவியதற்கு அவர் ஒரு முக்கியக் காரணர். மற்றொரு புறம், மனிதர் ஏன் பிரயாணம் செய்கிறார்கள் என்பதை ஆராய்ந்த கிரகாம் டான் என்பவர் 1977இலும், ஜான் கிராம்ப்டன் என்பவர் 1979இலும் இருவகைக் காரணங்களைப் பிரித்துக் காட்டினர். வீட்டிலிருந்து நம்மை வெளியே தள்ளும் காரணங்கள் ஒருவகை. ஓர் ஊர் தன்பால் நம்மை இழுக்கும் காரணங்கள் மற்றொருவகை. உந்துவது ஒன்று, ஈர்ப்பது ஒன்று என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இது நமக்குப் புதிய செய்தி அன்று. ஆனி ஆடியில் குற்றாலத்துக்குப் போகிறவரை எண்ணிப் பாருங்கள். அவரை வீட்டிலிருந்து தள்ளுவது வெயிலும் வேலையும். இழுப்பது சாரலும் அருவியும். ரோமாபுரியார் நாளிலிருந்து இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றுக்கு மக்கள் சென்றதும், ஜெர்மானியர் பாடன்-பாடன் நகரத்து ஊற்றுகளை நாடியதும் இவ்வாறே. ஆனால் தள்ளும் காரணம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க, இழுக்கும் ஊர் ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறது என்பதே கேள்வி. அதற்கு விடை காண நெய்யாற்றையே வழித்துணையாகக் கொள்வோம்.

நெய்யாறு பெரிய ஆறு அன்று. அதன் நீளம் 56 கிலோமீட்டர் அளவே. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையில் தோன்றி, அணையில் தேங்கி, நெய்யாற்றின்கரை நகரத்தை ஒட்டி ஓடி, பூவாறு என்னும் இடத்தில் அரபிக் கடலில் கலக்கிறது. மலையிலிருந்து கடல் வரை இந்தச் சிறிய ஆற்றங்கரையில் மூன்று விதமான நலவிடங்கள் உள்ளன. மூன்றுக்கும் வருவோர் வேறு. அவர்கள் உள்ளத்தில் உள்ள நோக்கமும் வேறு.

மேற்புறத்தில், நெய்யாற்று அணையின் அருகே, சிவானந்த யோக ஆசிரமம் ஒன்று உண்டு. 1978இல் சுவாமி விஷ்ணுதேவானந்தர் அதனை நிறுவினார். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இங்கே மாணாக்கர் வருகிறார்கள். விடியுமுன் எழுதல், தியானம், இரு வேளை ஆசனப் பயிற்சி, இரு வேளை சைவ உணவு, கைவேலை, இரவில் மீண்டும் பிரார்த்தனை என்று ஒழுங்கு நடக்கிறது. பணம் கொடுத்து வந்து பாத்திரம் கழுவுவானேன் என்று சிலர் வியப்பார்கள். நகர வாழ்க்கையில் காலை முதல் இரவு வரை ஆயிரம் காரியங்களில் நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எதை உண்பது, எப்போது உறங்குவது, எந்தச் செய்திக்கு மறுமொழி எழுதுவது என்று மனம் ஓய்வதில்லை. மணி அடித்தால் எழு, மணி அடித்தால் உண் என்று ஒருவர் சொல்லும் இடத்தில் அந்தச் சுமை இறங்கிவிடுகிறது. ஆசிரமத்தை நாடுவோரை ஈர்ப்பது வசதி அன்று, ஒழுங்கே ஆகும்.

இந்த ஆசிரமத்தின் பெயரில் நம்மவர்க்கு உரிய ஒரு செய்தியும் அடங்கியிருக்கிறது. விஷ்ணுதேவானந்தரின் குருவாகிய சுவாமி சிவானந்தர் 1887இல் பாய்க்குப் பேர்போன பத்தமடையில் பிறந்த தமிழர். மருத்துவம் கற்று, மலாயாவுக்குச் சென்று, சுமார் பத்தாண்டுகள் மருத்துவராகப் பணிபுரிந்தார். பின்பு துறவு பூண்டு ரிஷிகேசத்தில் தங்கி, 1936இல் தெய்வநெறிக் கழகத்தைத் தோற்றுவித்தார். அவருடைய மாணாக்கர் 1957இல் அமெரிக்கா சென்று யோகம் கற்பித்தார். பத்தமடையிலிருந்து மலாயா; மலாயாவிலிருந்து ரிஷிகேசம்; அங்கிருந்து அமெரிக்கா; மீண்டும் நெய்யாற்றங்கரை. இன்று ஒரு வெளிநாட்டார் இவ்விடத்துக்கு வந்து ஆசனம் பயில்கிறார் என்றால், அதன் தொடக்கத்தில் ஊரை விட்டுப் பிழைக்கச் சென்ற ஒரு தமிழ் மருத்துவர் நிற்கிறார்.

இனி ஆற்றின் கடைமுகத்துக்கு வருவோம். பூவாற்றில் ஆறும் மணல்திட்டும் கடலும் கூடும் இடத்தில் விடுதிகள் பல எழுந்துள்ளன. அதற்குச் சற்று வடக்கே, இதே தாலுகாவிலுள்ள சொவ்வரைக் கடற்கரையில் 1985ஆம் ஆண்டு சோமதீரம் என்ற ஆயுர்வேத விடுதி தொடங்கிற்று. உலகின் முதல் ஆயுர்வேத விடுதி என்று அது தன்னைக் கூறிக்கொள்கிறது. கோவளத்துக்குக் கடல் குளிக்க வந்துகொண்டிருந்த வெளிநாட்டாரை எண்ணெய்த் தோணிக்கு அழைத்து வந்த மாற்றம் இந்தக் கரையில் இவ்வாறு நிகழ்ந்தது. கேரள அரசு 1986இல் சுற்றுலாவை ஒரு தொழிலாக அறிவித்ததும் இதற்குத் துணையாயிற்று.

இங்கு வருவோரில் ஜெர்மானியர் எண்ணிக்கை நெடுங்காலமாகவே மிகுதி. இதற்கு ஒரு காரணம் ஊகிக்கலாம். ஜெர்மனியில் ‘கூர்’ என்று ஒரு பழக்கம் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுக்க, ஊற்றுநீர் உள்ள ஊருக்குச் சென்று, மூன்று வாரம் தங்கிக் குளித்தும் நடந்தும் உடம்பைத் தேற்றிக்கொள்வது அது. அத்தகைய பழக்கமுள்ளவரிடம், மூன்று வாரம் தங்கு, எண்ணெய் தேய், பத்தியம் இரு என்று சொன்னால் அவருக்கு அது விந்தையாகப் படாது. ஆகவே பிரயாணி புதுமையைத் தேடி வருகிறான் என்பது பாதி உண்மையே. தன் வீட்டில் ஏற்கெனவே அறிந்த ஒன்றின் வேறு வடிவத்தையே அவன் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறான்.

விடுதிகளின் மற்றொரு கவர்ச்சி மழை. மலையாளத்துக் கர்க்கடக மாதம் நம்முடைய ஆடி மாதமே. முன்னாளில் அது பஞ்ச மாதம். வயலில் வேலை இராது. கடலில் தோணி இறங்காது. கையிருப்பு நெல் தீர்ந்திருக்கும். வேலையற்ற அந்த நாட்களில், வெந்தயமும் மூலிகையும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியைக் குடித்து, எண்ணெய் தேய்த்து உடம்பை அடுத்த ஆண்டு உழைப்புக்குச் சித்தப்படுத்தினார்கள். மழைக்காலத்துக் குளிர்ச்சியில் சிகிச்சையை உடல் நன்கு ஏற்கும் என்பது வைத்தியர் கருத்து. உழைப்பாளியின் உடம்பு ஓய்வு பெற்ற ஒரே பருவம் அதுவே என்பது நம் கருத்து. பிரயாணிகள் வராத காலம் என்று ஒருநாள் விடுதிகள் கதவடைத்த அதே மழைக்காலம், இன்று சிகிச்சைக்கு உகந்த காலம் என்று விளம்பரம் பெறுகிறது. ஏழையின் வற்றிய மாதம் செல்வரின் ஓய்வு மாதம் ஆயிற்று. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. மறந்துவிடலாகாது என்றே சொல்கிறோம்.

இம்மாற்றத்தில் ஒன்று மட்டும் சற்றுக் கவலை தருகிறது. பழைய முறையில் பதினான்கு நாள், இருபத்தொரு நாள் என்று சிகிச்சை நடக்கும். அது முடிந்தபின் அத்தனை நாளும் வெயிலும் அலைச்சலும் இன்றி, இலேசான உணவோடு அமைந்திருக்க வேண்டும். ‘நல்லிரிக்க’ என்று மலையாளத்தில் இதற்குப் பெயர். மறுபத்தியம் என்று நாம் சொல்லுவோம். ஆனால் விடுமுறையோ பத்து நாள். ஆகவே ஐந்து நாள் எண்ணெய், ஆறாம் நாள் படகு, ஏழாம் நாள் விமானம் என்று வகுத்துக்கொள்கிறார்கள். ஓய்வாக இருப்பதற்கு இது தவறன்று. ஆனால் இதனைச் சிகிச்சை என்று எண்ணி, நோய் தீரவில்லையே என்று பின்னர் வருந்துவதில் பொருளில்லை. மருந்துக்குக் கொடுத்த விலையில் காலமும் ஒரு பங்கு என்பதை முன்னோர் அறிந்திருந்தார்கள்.

மூன்றாவது இடம் மலையிலும் இல்லை, கடலிலும் இல்லை. இடையிலுள்ள கிராமங்களில் இருக்கிறது. பாறசாலை, செறுவாரக்கோணம், பரசுவைக்கல், தனுவச்சபுரம், வெள்ளறடை என்று எல்லையை ஒட்டிய பகுதியிலும், இப்புறம் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களிலும் ஆசான் என்று அழைக்கப்படும் வர்ம வைத்தியர் மரபு நெடுங்காலமாக உண்டு. இது பனையேறிகளின் நாடு. உயரமான பனையில் நாள்தோறும் ஏறி இறங்கியவர்க்கு எலும்பு முறிவும் மூட்டுப் பிசகும் நேர்வது இயல்பு. களரியில் சிலம்பம் பயின்றவர்க்கும் அடி படும். ஆகவே அடிமுறையும் மருத்துவமும் ஒரே கையில் வளர்ந்தன. உடம்பில் 108 வர்மங்கள் என்றும், அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் கணக்குச் சொல்வார்கள். அடிபட்டு மயங்கினவரை எழுப்ப அடங்கல், இளக்குமுறை என்று வழிகள் உண்டு. இந்த அறிவு தமிழில், பாட்டு வடிவில், ஓலைச்சுவடிகளில் எழுதப்பட்டது. வடகேரளத்துக் களரி பரசுராமரைத் தன் ஆதிகுருவாகச் சொல்ல, தென்பகுதிக் களரி அகத்தியரைச் சொல்கிறது. கேரளத்தின் தொன்மைக் கலை என்று விடுதியில் காட்டப்படும் வர்மத் தடவலில் ஒரு பங்கு, தமிழ்ச் சுவடியைப் படித்த கைகளிலிருந்து வந்தது என்பதைப் பிரயாணி அறியார். அறிவித்தால் அவருக்கு மகிழ்ச்சியே உண்டாகும்.

இந்த ஆசான்களிடம் வருவோர் யார்? விளம்பரம் பார்த்து வருவோர் மிகச் சிலர். இன்னாருக்கு இந்தக் கை குணமாயிற்று என்று இன்னார் சொல்ல வருகிறவரே மிகுதி. அவர்களுள் தூத்துக்குடியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருவோர் உண்டு. விடுமுறைக்கு ஊருக்கு வந்த கையோடு வயோதிகத் தாயை அழைத்து வரும் நம் போன்ற புலம்பெயர்ந்தவரும் உண்டு. இவர்களை இழுப்பது மலிவா, பழக்கமா, நம்பிக்கையா என்று கேட்டால் மூன்றும் என்றே சொல்ல வேண்டும். ஆனால் இவற்றுக்கு மேல் ஒன்று இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

அது மொழி. வலிக்கு நம் மொழியில் எத்தனை பெயர்கள்! குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, பிடிப்பு, இழுப்பு, எரிச்சல், மரமரப்பு, சுளுக்கு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொன்று. குடைச்சல் வேறு, குத்தல் வேறு என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். டில்லியிலோ சூரத்திலோ ஒரு மருத்துவர் முன் அமர்ந்து, இத்தனையையும் ‘தர்த்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு வெளியே வந்த அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இல்லை? நம் தாய்மாரோ அந்த ஒரு சொல்லும் அறியாமல், மகன் மொழிபெயர்க்கக் காத்திருந்தவர்கள். மகனிடம் சொல்லக் கூசிய நோவுகளைச் சொல்லாமலே திரும்பியவர்கள். எல்லைப்புறத்து வைத்தியரிடம் அந்தத் தாய் தன் வாயால் முழுவதும் சொல்கிறாள். பாதி தமிழும் பாதி மலையாளமுமாக அவர் மறுகேள்வி கேட்கிறார். எண்ணெய் சூடேறுமுன்பே பாதி நலம் வந்துவிட்டது போல் அவள் முகம் தெளிகிறது. தன் வலியைத் தன் மொழியில் ஒருவரிடம் முழுமையாகச் சொல்லி முடிப்பதே ஒரு சிகிச்சை. பலர் நூற்றுக்கணக்கான மைல் பிரயாணம் செய்வது இதற்காகவே.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம். ஆசிரமத்துக்கு வருபவர் தம் முடிவுகளின் சுமையை இறக்கி வைக்க வருகிறார். கடற்கரை விடுதிக்கு வருபவர் தமக்குப் பழக்கமான ஓய்வை மழையிலும் பசுமையிலும் பெற வருகிறார். ஆசானிடம் வருபவர் கேட்கும் காதையும் அறிந்த கையையும் நாடி வருகிறார். நோக்கம் வேறுபட்டாலும் மூவரும் விரும்புவது ஒன்று உண்டு. தம் உடம்பின்மேல் இன்னொரு மனிதர் அவசரமின்றிக் கவனம் செலுத்த வேண்டும் என்பதே அது. நகரத்தில் அரிதாகிவிட்ட பண்டம் இதுவே.

எல்லைப்புறத்துக்கு இந்தத் தகுதி நேற்று வந்தது அன்று. முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவசேகரபுரத்தில், விழிஞத்தை ஆண்ட ஆய் குலத்து மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் 95 மாணவர்க்கு இடமளித்து ஒரு சாலை நிறுவினான் என்பதைத் தமிழ்ச் செப்பேடு தெரிவிக்கிறது. கல்வி பயில வெளியூரார் வந்து தங்கிய பூமி இது. அதே முஞ்சிறையில் இன்று ஒரு சித்த மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. எல்லைக்கு வடக்கே திருவனந்தபுரத்தில் 1889இல் தொடங்கிய ஆயுர்வேதப் பாடசாலை, அரசு ஆயுர்வேதக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. நெய்யாற்றங்கரையில் அருவிப்புறத்தில் 1888இல் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்த ஸ்ரீ நாராயண குரு, தவம் செய்யத் தேர்ந்த இடங்களுள் ஒன்று குமரியின் மருந்துவாழ்மலை. அவர் தமிழிலும் பாடல் இயற்றியவர். சித்தமும் ஆயுர்வேதமும், தமிழும் மலையாளமும் இங்கே பக்கத்து வீட்டாராகவே வாழ்ந்து வந்துள்ளன.

நலம் தேடி வருவோரால் நலம் தருவோர்க்கு என்ன கிடைக்கிறது என்பதும் கேட்கத்தக்க கேள்வி. அகத்தியமலையில் வாழும் காணி மக்களின் கதை இங்கு நினைவுக்கு வருகிறது. 1987இல் ஆராய்ச்சிக்காக மலை ஏறிய அறிவியலார், தமக்கு வழிகாட்டிய காணிகள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். முதலில் சொல்லத் தயங்கிய அவர்கள் பின்னர் அந்தச் செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணிகளுக்கு அளிப்பதென முடிவாயிற்று. அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. அறிவைக் கொடுத்தவர்க்கும் பங்கு வேண்டும் என்பதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்படும் நிகழ்ச்சி இது. செடியைப் பயிரிடுவதில் வனத்துறை விதிகளால் இடையூறுகள் நேர்ந்தன. எதிர்பார்த்த அளவு பயன் விளையவில்லை. ஆயினும் நெறி சரியானதே. விடுதியில் எண்ணெய் தேய்க்கும் பெண்ணும், சுவடி வைத்திருக்கும் ஆசானும், மூலிகை பறித்துத் தரும் மலைவாழ் மக்களும் இந்த நெறிக்கு உரியவர்களே.

ஊருக்கு வரும்போது நலவிடம் ஒன்றை நாட நினைக்கும் அன்பர்களுக்கு இரண்டொரு யோசனைகள் சொல்லிவைப்பது நம் கடமை. முதலாவது, மருத்துவர் யார் என்று கேளுங்கள். பட்டமும் பதிவும் உடையவரா என்று விசாரிப்பதில் வெட்கம் வேண்டுவதில்லை. நீரிழிவு, புற்றுநோய் முதலியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அத்தகைய விளம்பரப் பலகையைக் கண்டால் அந்த வாசலை மிதியாதிருப்பதே நலம். இரண்டாவது, நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ உட்கொள்ளும் மருந்தை எவர் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; உங்கள் மருத்துவரைக் கேட்டே எதையும் செய்யுங்கள். மூன்றாவது, விழுந்து அடிபட்டால் முதலில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பாருங்கள். முறிந்த கையில் இறுக்கமாகக் கட்டுப் போட்டு, இரத்த ஓட்டம் நின்று, கையையே இழந்தவர்கள் உண்டு. நல்ல ஆசான் படத்தைப் பார்த்தபிறகே தொடுவார். நான்காவது, ஊருக்குத் திரும்பும்போது பெயர் தெரியாத சூரணங்களைப் பெட்டியில் நிரப்பாதீர்கள். இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மரபை மதிப்பது வேறு. சோதியாமல் விழுங்குவது வேறு.

இன்னொன்று. நலவாழ்வுப் பயணிகளை இருவகையாகப் பிரிக்கிறார்கள். நலத்துக்கென்றே புறப்படுவோர் ஒருவகை. வேறு காரியமாகப் புறப்பட்டு, இடையில் நலத்தையும் நாடுவோர் மற்றொருவகை. 2017ஆம் ஆண்டு உலகில் நடந்த இத்தகைய பிரயாணங்களில் பத்தில் ஒன்பது பங்கு இரண்டாம் வகையே என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டது. நாம் அனைவரும் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்களே. தங்கையின் திருமணத்துக்கு வருகிறோம். கோயில் கொடைக்கு வருகிறோம். நிலத்துப் பட்டா விஷயமாக வருகிறோம். இடையே இரண்டு நாள் கிடைத்தால் உடம்பையும் கவனிப்போம் என்று எண்ணுகிறோம். பெரும்பாலும் அந்த இரண்டு நாளும் கிடைப்பதில்லை. திருமண வீட்டிலிருந்து நேரே ரயில் நிலையத்துக்கு ஓடுகிறோம். போனதை விடக் களைத்துத் திரும்புகிறோம்.

அப்படியானால் நமக்கு நலம் தரும் இடம் எது? பூவாற்று விடுதிக்குச் செல்ல எல்லாருக்கும் கையில் பொருள் இராது. ஆசிரமத்தில் இரண்டு வாரம் தங்க விடுப்பும் கிடைக்காது. ஆனால் அவ்விடங்களை நாடி உலகத்தார் வருவதன் காரணங்களை அறிந்தோமானால், அவற்றுள் சில நம் கைக்கு எட்டியவை என்பது விளங்கும். சனிக்கிழமை ஆண்களும் வெள்ளிக்கிழமை பெண்களும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் நம் வீட்டுக்கு உரியது. அதற்கு எந்த மாநிலத்திலும் தடை இல்லை. மாலை ஒரு மணி நேரம் கைபேசியை அணைத்து வைப்பதற்கு நெய்யாற்று அணை வரை செல்ல வேண்டுவதில்லை. உங்கள் நகரத்துத் தமிழ்ச் சங்கத்தில் தமிழ் தெரிந்த மருத்துவர் ஒருவர் இருந்தால், மாதம் ஒருமுறை அவரை முதியோரோடு உட்காரச் செய்யுங்கள். அந்தத் தாய்மார் தம் குடைச்சலையும் குத்தலையும் தம் வாயால் சொல்லட்டும். ஊருக்கு வரும் நாட்களிலோ, கொடையும் கலியாணமும் முடிந்தபின் இரண்டு நாட்களை எவருக்கும் வாக்குக் கொடாமல் ஒதுக்கி வையுங்கள்.

திரும்பும் வழியில் வண்டி பாறசாலையில் நிற்கும். ஒருவேளை அங்கே, கையில் கட்டோடு ஒரு முதியவர் ஏறுவார். அவருக்கு இடம் கொடுத்துவிட்டு எந்த ஆசானிடம் வந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் தமிழில் விடை சொன்னாலும் மலையாளத்தில் விடை சொன்னாலும் நமக்கு விளங்கும். அடுத்த நிலையம் வருவதற்குள் அவர் தம் கதை முழுவதையும் சொல்லி முடித்திருப்பார். கேட்டுக்கொண்டிருக்க நமக்கும் நேரம் இருக்கட்டும்.